14 மாதங்கள், 63 சந்தாதாரர்கள்: பினாங்கு மின்மடலுக்கு வாசகர்களைச் சேர்ப்பது எப்படி?

தண்ணீர்மலை வாசகி (ஜார்ஜ்டவுன்)

அனைவருக்கும் வணக்கம். பினாங்குத் தமிழரின் பழைய தெருக்களையும் தொழில்களையும் கோயில்களையும் பற்றி இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை மின்னஞ்சல் வழியாக மடல் எழுதி அனுப்பி வருகிறேன். ஒவ்வொரு மடலும் ஏறத்தாழ 2,500 சொற்கள் இருக்கும். கூடவே நான்கைந்து படங்களும் இருக்கும். தொடங்கி 14 மாதங்கள் ஆகின்றன. சந்தாதாரர்கள் 63 பேர்தாம். அவர்களுள் பாதிப் பேர் என் உறவினர்களும் உடன் படித்தவர்களும் ஆவர்.

அதே மடலின் ஒரு பகுதியை முகநூலில் இட்டால் நிறையப் பேர் படிக்கின்றனர். தங்கள் தாத்தா லெபோ பாசார் தெருவில் கடை வைத்திருந்ததையும், பாட்டி லெபோ குயின் மாரியம்மன் கோயிலுக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றதையும் நீண்ட பின்னூட்டங்களாக எழுதுகின்றனர். ஆனால் மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்யுமாறு கேட்டால் அவர்களுள் ஒருவர்கூட முன்வருவதில்லை. மூத்தவர்கள் பலர், “புலனத்தில் அனுப்பிவிடும்மா” என்கின்றனர். புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், அனுப்பினால் அது அன்றைய காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகிறது. ஆறு மாதம் கழித்து ஒருவர் தேடினால் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் மின்னஞ்சலைத் தேர்ந்தெடுத்தேன்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அண்மையில் இங்கு நடந்த ஒரு பழம்படக் கண்காட்சியின் வருகைப் பதிவேட்டில் ஏறத்தாழ 280 பேர் தங்கள் மின்னஞ்சல் முகவரிகளை எழுதியிருக்கின்றனர். ஏற்பாட்டாளர் எனக்குத் தெரிந்தவர். பட்டியலைத் தருவதாகச் சொல்கிறார். அவர்கள் அனைவரும் நான் எழுதும் பொருளில் ஆர்வம் உள்ளவர்கள்தாம். நேரடியாகச் சேர்த்துக்கொள்ளலாமா? சந்தாதாரர்களில் சிலர் மடல் வரவே இல்லை என்றும் சொல்கின்றனர். அதற்கும் காரணம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செந்தூல் மைந்தன் (கோலாலம்பூர்)

வணக்கம், சகோதரி. அந்தப் பட்டியலைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். இதை நான் பட்டு அறிந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வாசகர் வட்டம் நடத்திய ஒரு நிகழ்ச்சிக்கு முன்பதிவு செய்தவர்களின் முகவரிகளை அப்படியே எங்கள் மாத மடலில் சேர்த்தோம். ஆர்வம் உள்ளவர்கள்தாமே என்று நாங்களும் நினைத்தோம். முதல் மடல் போன அன்றே, “நான் எப்போது உங்களிடம் கேட்டேன்?” என்று இரண்டு பேர் எழுதினர். எழுதியவர்கள் நல்லவர்கள். எழுதாமல் ‘எரிதம்’ (ஸ்பேம், வேண்டா மடல்) என்று குறித்துவிட்டுப் போனவர்களால்தான் பெரிய கேடு விளைந்தது. இரண்டாம் மடலுக்குப் பிறகு, நாங்கள் பயன்படுத்திய அனுப்புச் சேவை எங்கள் கணக்கை நிறுத்தி வைத்தது. பல ஆண்டுகளாக விரும்பிப் படித்து வந்த பழைய வாசகர்களுக்கும் அந்த மாதம் மடல் போகவில்லை. அவர்களுக்கு நாங்கள் செய்த பிழையாகவே அதை இன்றும் கருதுகிறேன்.

கண்காட்சிக்கு வந்தவர் தம் முகவரியை எழுதியது, தாம் வந்து சென்றதைப் பதிவு செய்வதற்காக. அதைப் பெற்ற நோக்கத்துக்கு அப்பால் பயன்படுத்துவதும், அவர் இசைவின்றி வேறொருவருக்குக் கொடுப்பதும் முறையன்று. நம் மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் இதுவே. அது 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. அச்சட்டம் வணிகப் பரிமாற்றம் சார்ந்த தரவுகளைப் பற்றியது என்பதால், நீங்கள் எதையும் விற்காதவரை அது உங்களைத் தொடாது என்று சிலர் வாதிடலாம். ஆனால் நாளை இம்மடல்களை நூலாக்கி விற்கவோ கட்டணத்துடன் தெருவுலா நடத்தவோ நினைத்தால், அந்த வாதம் நிற்காது. தொடக்கத்திலேயே தூய்மையாகச் சேர்த்த பட்டியல் இருந்தால் அன்று கவலைப்பட வேண்டியதில்லை.

அதற்காக வாய்ப்பை விட்டுவிட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். ஏற்பாட்டாளரே தம் பெயரில், வந்து சிறப்பித்தவர்களுக்கு ஒரு நன்றி மடல் எழுதட்டும். அதில் கண்காட்சியில் இருந்த ஒரு படத்தைப் பற்றி நீங்கள் எழுதிய மடலின் இணைப்பையும், இப்படித் தொடர்ந்து படிக்க விரும்புவோர் பதிவு செய்துகொள்ளலாம் என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். 280 பேரில் 20 பேர் வந்தாலும் அந்த 20 பேரும் தாமே கதவைத் தட்டி வந்தவர்கள்.

பட்டர்வொர்த் கணினியர்

மடல் வந்து சேராததற்கான காரணத்தை மட்டும் நான் எழுதுகிறேன். ஏனெனில் பட்டியல் வளராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

முதலில், அனுப்புநர் முகவரியாக எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று பாருங்கள். ஓர் அனுப்புச் சேவையின் வழியாக அனுப்பிக்கொண்டு, அனுப்புநர் இடத்தில் உங்கள் ஜிமெயில் முகவரியை வைத்திருந்தால், பெறுபவரின் அஞ்சல் வழங்கி (சர்வர்) அதை ஐயத்தோடுதான் பார்க்கும்; கூகுளின் பெயரில் வரும் மடல் கூகுளின் வழங்கியிலிருந்து வராததே அதற்குக் காரணம். சொந்தமாக ஒரு களப்பெயர் (டொமைன்) வாங்கி, மடல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்பதைப் பெறுபவரின் வழங்கி சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளையும் அதற்கு அமையுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இவற்றில் கண்டிப்பாக உள்ளன. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். உங்களைப் போன்ற சிறிய அனுப்புநருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். எரிதம் எனக் குறிக்கப்படும் விழுக்காடு 0.3ஐத் தொடக்கூடாது என்பதும் கூகுளின் எதிர்பார்ப்பு. 63 பேரில் ஒரே ஒருவர் குறித்தாலும் அது 1.6 விழுக்காடு ஆகிவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள். செந்தூல் ஐயா சொன்னதன் கனம் அப்போது புரியும்.

இரண்டாவது காரணம் தமிழுக்கே உரியது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு மடலின் உரை ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதைப் பாதியில் வெட்டிவிட்டு, முழுவதையும் பார்க்க ஓர் இணைப்பை மட்டும் காட்டும். ஒருங்குறியின் (யூனிகோட்) யூடிஎஃப்-8 வடிவில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் தேவை, புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறிகள். ‘பினாங்கு’ என்ற சொல்லில் 8 குறிகள் இருக்கின்றன, ஆகவே 24 பைட். அதையே உரோம எழுத்தில் எழுதினால் 6 பைட்தான். உங்கள் 2,500 சொற்களில் சொல்லுக்கு இடைவெளி உட்பட 9 குறிகள் என்று வைத்துக்கொண்டாலும், எழுத்து மட்டுமே 61 கிலோபைட்டைத் தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் வடிவமைப்புக் குறிகள் சேரும். வேர்டில் எழுதி அப்படியே ஒட்டினால் அவை பெருமளவில் ஒட்டிக்கொண்டு வரும். படங்கள் இணைப்பாக மட்டும் இருப்பதால் அவற்றின் அளவு இதில் சேராது.

வெட்டுப்படும்போது மடலின் அடிப்பகுதி மறைகிறது. சந்தாவை நிறுத்தும் இணைப்பு அங்கேதான் இருக்கிறது. விலக நினைப்பவருக்கு அது கண்ணில் படாதபோது, கைக்கு எட்டுவது ‘எரிதம்’ என்ற பொத்தான் ஒன்றே. மடலைத் திறந்தார்களா என்று கணக்கிடும் நுண்படமும் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். ஆகவே ஆர்வத்தோடு படித்தவர்கூடப் படிக்காதவராகக் கணக்கில் வருவார். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு: 2021இல் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், திறக்காத மடலும் திறந்ததாகத் தோன்றும். எனவே திறப்பு விழுக்காட்டைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம். எத்தனை பேர் பதில் எழுதுகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை (சுங்கை டூவா)

அன்பு மகளுக்கு, வணக்கம். உன் மடலை நான் படித்ததில்லை. ஆனால் நீ எழுதும் பொருளைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைப் பற்றி என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். இந்த ஊரில் அவ்வளவு பழமையானது நம் மொழி என்று கேட்டதும் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அத்தகைய செய்திகளை எழுதி வைப்பவர்கள் குறைவு. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றபோது, ஞாயிறு காலை வாசிப்பில் ஒரு வெற்றிடம் ஏற்பட்டதை என் வயதினர் நன்றாக உணர்ந்தோம்.

மூத்தவர்கள் புலனத்தைக் கேட்பதற்குக் காரணம் சோம்பல் என்று எண்ணிவிடாதே. எங்களில் பலருக்கு மின்னஞ்சல் முகவரி உண்டு. கைப்பேசி வாங்கிய அன்று பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உருவாக்கிக் கொடுத்தது. அதன் கடவுச்சொல் எங்களுக்குத் தெரியாது. அந்தப் பெட்டியை நாங்கள் திறந்ததும் இல்லை. அப்படிப்பட்டவரிடம் முகவரியைப் பதிவு செய் என்றால் அவர் வெட்கப்பட்டு விலகுவார். ஆகவே எங்களுக்காக ஒன்று செய். மடல் வெளியானதும் அதன் இணைப்பை மட்டும், இரண்டு வரி அறிமுகத்தோடு, புலனத்தில் அனுப்பு. நாங்கள் தட்டிப் படித்துவிட்டு எங்கள் பிள்ளைகளுக்கு அனுப்புவோம். மின்னஞ்சலை நாள்தோறும் திறப்பவர்கள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் வேலை பார்க்கும் அந்தப் பிள்ளைகள்தாம்; பினாங்கை நினைத்து ஏங்குபவர்களும் அவர்களே. மடலின் தலைப்பகுதியிலேயே, “இம்மடலை உங்களுக்கு யாரேனும் அனுப்பியிருந்தால், அடுத்ததை நேரடியாகப் பெற இங்கே பதிவு செய்யலாம்” என்று எழுதி வை. என் மகள் அப்படித்தான் ஒரு மடலுக்குச் சந்தாதாரர் ஆனாள். முதலில் அனுப்பியவள் நான்.

இன்னொன்று. முகநூலில் ஒருவர் தம் தாத்தாவின் கடையைப் பற்றி எழுதும்போது, அவருக்குப் பொதுவான நன்றி சொல்லி நிறுத்தாதே. “ஐயா, அடுத்த மடலில் அந்த வரிசைக் கடைகளைப் பற்றி எழுதுகிறேன், உங்கள் தாத்தாவின் கடை எந்த மூலையில் இருந்தது என்று சொல்வீர்களா? எழுதியதும் உங்களுக்கு அனுப்ப எந்த முகவரி?” என்று கேள். தன் குடும்பத்தின் பெயர் இடம்பெறும் மடலை வேண்டாம் என்று சொல்பவர் யாரும் இருக்க மாட்டார். அடுத்தடுத்த மடல்களும் வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடு. இப்படி ஒவ்வொருவராகச் சேர்ப்பது மெதுவான வேலைதான். பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாகப் போனவள் நான், எனக்கு அது தெரியும்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகன்

தைப்பூசத்தை ஏன் யாரும் குறிப்பிடவில்லை? அந்த வாரம் பினாங்குக்கு வெளியூரிலிருந்து வரும் ஒவ்வொரு தமிழரும் கேட்பது ஒரே கேள்வி: இரதம் எந்த வழியாகப் போகிறது? லெபோ பினாங்கில் உள்ள கோயில் வீட்டிலிருந்து நகரத்தார் கோயிலுக்குச் செல்லும் வெள்ளி இரதத்தின் வழியையும், 2017 முதல் வலம் வரும் தங்க இரதத்தின் வழியையும், தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும் தெருக்களையும் ஒரு பக்க வரைபடமாகத் தயாரித்து, பதிவு செய்வோருக்கு அன்பளிப்பாக அனுப்புங்கள்.

செந்தூல் மைந்தன் (கோலாலம்பூர்)

வரைபடம் நல்ல எண்ணம்; ஆனால் அதைப் பூட்டி வைத்துச் சாவிக்கு முகவரி கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. வழி தேடி வருபவர் வழி தெரிந்ததும் போய்விடுவார். அவர் பட்டியலில் பெயராக மட்டும் இருப்பார். பின்னர் எரிதம் என்று குறிப்பவரும் அவராகவே இருக்கலாம். வரைபடத்தை எல்லாருக்கும் திறந்து வையுங்கள். அதன் அடியில், ஒவ்வொரு தெருவின் கதையும் மடலில் வருகிறது என்று குறிப்பிடுங்கள். கதை வேண்டியவர் பதிவு செய்வார்.

பதிவு செய்த பிறகு, உறுதி செய்யக் கோரும் ஒரு மடல் போய், அவர் அதில் உள்ள இணைப்பை அழுத்திய பின்னரே பட்டியலில் சேரும்படி அமையுங்கள். முகவரியில் எழுத்துப் பிழை செய்தவர்களும், வேறொருவர் முகவரியை எழுதியவர்களும் அங்கேயே வடிகட்டப்படுவர். அந்த உறுதி மடலைத் தமிழில் எழுதுங்கள். பெரும்பாலான சேவைகளில் அது ஆங்கிலத்திலேயே வரும். தமிழ் மடலுக்குப் பதிந்தவர் அதை ஏமாற்று மடல் என்று எண்ணி அழித்துவிடுகிறார்.

தண்ணீர்மலை வாசகி (ஜார்ஜ்டவுன்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கணினியர் சொன்னதைக் கேட்டதும் என் கடைசி ஐந்து மடல்களைச் சோதித்தேன். நான்கு மடல்கள் வெட்டுப்பட்டிருந்தன; அனுப்புநர் முகவரியும் ஜிமெயில்தான். உறுதி மடலும் இதுவரை ஆங்கிலத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. பதிவு செய்துவிட்டு உறுதி செய்யாமல் நின்றவர்கள் 31 பேர் என்பதை இன்றுதான் பார்த்தேன். முகநூலிலிருந்து ஒருவரும் வரவில்லை என்று நான் எழுதியது தவறு. அவர்கள் வந்திருக்கின்றனர், வாசலில் நின்றவர்களை நான்தான் கவனிக்கவில்லை.

பட்டியலை வாங்கவில்லை என்று ஏற்பாட்டாளரிடம் தெரிவித்துவிட்டேன். நன்றி மடல் எழுத அவர் இசைந்தார். ஆசிரியை அம்மா, உங்கள் வாக்கியத்தை அப்படியே மடலின் தலையில் வைக்கிறேன். முகவரியை எதற்காகப் பெறுகிறேன் என்ற அறிவிப்பைப் பதிவுப் பக்கத்தில் தமிழில் மட்டும் வைத்தால் போதுமா?

செந்தூல் மைந்தன் (கோலாலம்பூர்)

சட்டம் கேட்பது தேசிய மொழியான மலாயிலும் ஆங்கிலத்திலும். அவ்விரண்டையும் வைத்து, வாசகருக்காகத் தமிழையும் முதலில் வையுங்கள். அந்த 31 பேருக்கும் உறுதி மடலைத் தமிழில் ஒரே ஒரு முறை மீண்டும் அனுப்புங்கள்; அவர்கள் தாமாகப் பதிந்தவர்கள் என்பதால் அது முறையே. அதற்கும் பதில் வராதவர்களின் முகவரிகளை அழித்துவிடுங்கள்.