உதவி தேவை: உருட்டி எடுத்த எண்களால் ஒரு பாத்திரம் ஓங்கிவிட்டது, இன்னொன்று ஒடுங்கிவிட்டது. வீட்டு விதியை நடுவில் மாற்றலாமா?

கெடிலக்கரை, கடலூர்

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குப் பாய் விரித்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் இது. ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவர். ஆடுபவர்கள் ஐந்து பேர்: புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வரும் அலுவலக நண்பர்கள் இருவர், எதிர்வீட்டுக் கல்லூரி மாணவர்கள் இருவர், பத்தாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள். ரோமக் கப்பல்கள் வந்துபோன காலத்து அரிக்கமேட்டை மனத்தில் வைத்து, மந்திரமும் பூதமும் கலந்து ஒரு துறைமுக நகரத்தைக் கதைக்களமாக எழுதியிருக்கிறேன். எல்லோருடைய பாத்திரங்களும் இப்போது வளர்ச்சியில் மூன்றாம் நிலையில் இருக்கின்றன.

தொடக்கத்தில் நான் வைத்த வீட்டு விதிகள் சில. நான்கு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, சிறியதை நீக்கி, மற்ற மூன்றையும் கூட்ட வேண்டும். இப்படி ஆறு முறை. வந்த எண்களை வலிமை, அறிவு போன்ற ஆறு திறன்களில் விரும்பியதற்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் மறு உருட்டல் கிடையாது. ஃபீட் எனும் கூடுதல் சிறப்புத் திறமைகள் உண்டு. யாரும் ஒதுங்கி உட்காரக் கூடாது என்பதற்காக, எந்தச் சோதனையையும் (ஒரு செயல் பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்ப்பது) யார் வேண்டுமானாலும் உருட்டலாம். மருந்துப் புட்டியைக் குடிப்பது போனஸ் ஆக்ஷன், அதாவது முக்கியச் செயலோடு கூடவே செய்துகொள்ளும் சிறு செயல்.

நண்பர் ஒருவருக்கு 18, 17, 16, 14, 13, 11 விழுந்தது. அவர் பாலடின், அதாவது சபதம் ஏற்ற வீரர். அண்ணன் மகளுக்கு விழுந்தது 13, 11, 10, 9, 8, 7. அவள் ஹை எல்ஃப் இனத்து விசார்ட், அதாவது ஏடு படித்து மந்திரம் கற்றவள். அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் எழுதிக்கொண்டாள். இப்போது மூன்று வாரமாக ஆட்டத்தில் அவள் குரலே கேட்பதில்லை. கேட்டால், "ஒன்றுமில்லை சித்தப்பா" என்கிறாள். அடுத்த மாதம் நிற்கப்போகிறாள் என்று பயமாக இருக்கிறது. எண்களை நடுவில் திருத்தலாமா? நண்பரின் எண்களைக் குறைத்தால் அவருக்கு மனக்கசப்பு வருமே?

இருபது முகம், லாஸ்பேட்டை

முதலில் இடைவெளி எவ்வளவு என்று பார்த்துவிடலாம். உருட்டலில் கூடுவது எண் இல்லை, அதிலிருந்து வரும் மாடிஃபையர்தான், அதாவது பகடையில் விழுந்ததோடு கூட்டும் அல்லது கழிக்கும் சிறு எண். இனத்துக்கான கூடுதலைச் சேர்க்காமல் பார்த்தால், உங்கள் நண்பருக்கு ஆறு திறனும் சேர்ந்து +13. உங்கள் அண்ணன் மகளுக்கு -3. புத்தகத்திலேயே உருட்டலுக்கு மாற்றாக உள்ள 15, 14, 13, 12, 10, 8 என்ற வரிசைக்கு +5. அந்த வரிசையிலிருந்து நண்பர் எட்டுப் படி மேலே, அவள் எட்டுப் படி கீழே. இப்படி இரண்டும் ஒரே மேசையில் அமைவது அரிதுதான், ஆனால் உருட்டல் என்று வைத்தால் என்றாவது ஒருநாள் வரத்தான் செய்யும்.

நண்பரின் எண்களைத் தொடாதீர்கள். கொடுத்ததைத் திரும்பப் பறித்தால் மேசை கெட்டுவிடும். எங்கள் குழுவில் நாங்கள் செய்வது இதுதான்: ஐந்து பேர் உருட்டிய ஐந்து வரிசைகளையும் சுவரில் எழுதிவிடுவோம். யார் வேண்டுமானாலும் எந்த வரிசையையும் எடுத்துக்கொள்ளலாம், கூடவே புத்தகத்தின் வரிசையையும். ஒருவருக்கு விழுந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் பொது. அப்போதும் பகடை உருட்டும் பரபரப்பு குறைவதில்லை. சொல்லப்போனால், அடுத்தவருக்கு 18 விழுந்தால் மற்ற நான்கு பேரும் கைதட்டுகிறார்கள்.

இனி புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் 27 புள்ளி முறையைப் பாருங்கள். எல்லாத் திறனும் 8-இல் தொடங்கும். 13 வரை படிக்கு ஒரு புள்ளி, அதற்கு மேல் 14-க்கும் 15-க்கும் படிக்கு இரண்டு. 15-க்கு மேல் வாங்க முடியாது. மேலே சொன்ன புத்தக வரிசைக்கும் சரியாக 27 புள்ளிதான் ஆகிறது.

கோட்டை மதில், கடலூர் முதுநகர்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விழுந்தது விழுந்ததுதான். 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் ஆங்கிலேயர் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எட்டிய தொலைவு வரை உள்ள ஊர்களும் சேர்ந்து கைமாறின. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது. விழுந்த இடத்தை எல்லை என்று ஏற்றுக்கொண்டால்தான் கதை முன்னே நகரும். 7 வலிமை உள்ள ஒரு விசார்ட், தன் ஏட்டுக்கட்டைத் தானே தூக்க முடியாமல் துறைமுகத்தில் திண்டாடுவதில் இருக்கும் உயிர், ஆறும் 15-க்கு மேல் உள்ள வீரனிடம் இருக்காது. நான் ஆடிய பாத்திரங்களில் இன்றும் நினைவில் நிற்பவை எல்லாம் குறை உள்ளவைதான்.

இருபது முகம், லாஸ்பேட்டை

அந்தக் குண்டு தானாகப் போய் விழவில்லை. எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போகட்டும் என்று வாய் உயர்த்திச் சுட்டார்கள். குண்டு எட்டும் வரை என்று பத்திரத்தில் எழுதியவர் கையில்தான் எல்லை இருந்தது. இங்கேயும் மறு உருட்டல் கிடையாது என்று எழுதியது பகடை இல்லை, டிஎம்.

குறை உள்ள பாத்திரம் அழகு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தக் குறையை ஆடுபவர் தானாக விரும்பி எடுத்திருக்க வேண்டும்.

சோழி, வில்லியனூர்

நான் இந்த ஆட்டத்துக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆனால் தாயம் சிறு வயதிலிருந்து ஆடுகிறேன், அதனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும். மற்றவர்கள் காய்கள் வெட்டிக்கொண்டு ஓடும்போது, தாயமே விழாமல் வெளியே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஆயா ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: ஐந்து சுற்று விழாவிட்டால் ஆறாவது சுற்றில் ஒரு காயைச் சும்மா இறக்கிக்கொள்ளலாம். வென்றாலும் தோற்றாலும் பரவாயில்லை, கட்டம் மிதித்து ஆட வேண்டும் என்பார்கள்.

அதனால் எண்களைப் பற்றிப் பேசும் முன் ஒன்றைக் கேட்கிறேன், தம்பி. அவள் எந்த நேரத்தில் அமைதியாகிறாள்? சண்டையிலா, பேச்சிலா, வேறெங்காவதா? கடைசியாக அவள் முகம் வாடியது எப்போது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

கெடிலக்கரை, கடலூர்

அக்கா, நீங்கள் கேட்ட பிறகு உட்கார்ந்து யோசித்தேன். சண்டையில் அவள் நன்றாகவே ஆடுகிறாள். தூக்க மந்திரத்தை எங்கே போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் நடந்தது இது. ஆற்றங்கரை மணிப் பட்டறையில் ஒரு உடைந்த பானை ஓடு கிடைத்தது, அதில் பழைய எழுத்து. அந்தக் காட்சியை அவளுக்காகவே எழுதியிருந்தேன். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைக் காட்ட அழைத்துப்போனபோது, தமிழி எழுத்துகளை நோட்டில் வரைந்துகொண்டு வந்த பெண் அவள். ஓடு என்று நான் சொன்னதுமே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கினாள். நான் வழக்கம்போல, "எல்லோரும் உருட்டிப் பாருங்கள்" என்றேன். அவளுக்கு 6 விழுந்தது. பாலடின் சாருக்கு 19. எழுத்தை அவர் படித்தார். அவள் பகடையைச் சுருக்குப்பைக்குள் போட்டு, கயிற்றை இழுத்து முடிந்துவிட்டாள். அன்று இரவு வரை அந்தப் பை திறக்கவில்லை. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

இருபது முகம், லாஸ்பேட்டை

இதைச் சொன்னதற்கு நன்றி. என் முதல் பதில் பாதிதான் சரி. கோளாறு உருட்டி எடுத்த எண்களில் மட்டும் இல்லை. "எந்தச் சோதனையையும் யார் வேண்டுமானாலும் உருட்டலாம்" என்ற விதியில்தான் பெரும்பகுதி இருக்கிறது. யாரும் ஒதுங்கக் கூடாது என்று நல்லெண்ணத்தில் வைத்த விதியே ஒருத்தியை ஒதுக்கியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். அவளுடைய அறிவுத்திறன் 13, ஹை எல்ஃப் என்பதால் 14, அதற்கு +2. வரலாற்றில் தேர்ச்சிக்கு +2. மொத்தம் +4. இலக்கு 15 என்றால் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்: 50 சதவீதம். இனி மற்ற நான்கு பேர். அவர்களுக்குக் கூடுதல் எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 30 சதவீதம்தான். ஆனால் நான்கு பேரும் தோற்க வாய்ப்பு 0.7 நான்கு முறை பெருக்கினால் வருவது, 24 சதவீதம். அதாவது அவர்களில் ஒருவராவது படித்துவிட வாய்ப்பு 76 சதவீதம். படிப்பறிவே வேண்டாத நான்கு பேர் கூட்டம், படித்த ஒருத்தியை எப்போதும் முந்தும். அவளுக்கு 18 விழுந்திருந்தாலும் இது மாறாது. அப்போது +6, அவளுடைய வாய்ப்பு 60 சதவீதம். கூட்டத்தின் 76-ஐ எட்டவில்லை.

என் யோசனை: எழுத்து, மூலிகை, மந்திரக் குறி, நோய் போன்று கற்றால் மட்டுமே வரும் விஷயங்களில், தேர்ச்சி உள்ளவர் மட்டுமே உருட்ட வேண்டும். மற்றவர்களில் ஒருவர் உதவலாம். உதவினால் விதிப்புத்தகத்தின்படி அட்வாண்டேஜ்: இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வது. 50 சதவீத வாய்ப்பு அப்போது 75 ஆகிவிடும். அவளையும் சேர்த்து ஐந்து பேரும் உருட்டியபோது குழுவுக்கு இருந்த வாய்ப்பு 88, இப்போது 75. குழு இழப்பது கொஞ்சம்தான், ஆனால் பகடை அவள் கைக்கு வருகிறது.

"உதவுகிறேன்" என்று சொன்னால் மட்டும் போதாது, எப்படி என்று சொல்ல வேண்டும். விளக்கைச் சாய்த்துப் பிடிப்பதோ, ஓட்டைக் கழுவித் தருவதோ, ஏதாவது.

கோட்டை மதில், கடலூர் முதுநகர்

இந்த விதியை மனமார ஏற்கிறேன். பானை ஓட்டுக் காட்சியைப் படித்தபோது எனக்கே கஷ்டமாக இருந்தது. இரண்டு திருத்தம் மட்டும். குழுவில் யாருக்குமே தேர்ச்சி இல்லாவிட்டால் கதை முட்டி நின்றுவிடும். அப்போது ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை. அடுத்து, தேர்ச்சி உள்ளவர் தோற்றாலும் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். பெயர் படிக்க முடியவில்லை என்றாலும் இது வணிகன் பானை, உள்ளூர்க் குயவன் செய்ததில்லை என்ற அளவுக்காவது தெரிய வேண்டும். படித்தவர் பார்ப்பதற்கும் படிக்காதவர் பார்ப்பதற்கும் அவ்வளவாவது வேறுபாடு இருக்கிறது.

சோழி, வில்லியனூர்

விதியை மாற்றும் முன் அவளிடம் தனியாகக் கேளுங்கள். ஆனால் எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கும்போது அவள் பெயரைச் சொல்லாதீர்கள். அந்த வயதில், தனக்காக விதி மாறியது என்று மற்றவர்களுக்குத் தெரிந்தால் மறுபடி பையை மூடிவிடுவாள்.

கெடிலக்கரை, கடலூர்

சரி அக்கா. இன்னொரு சந்தேகம், இதோடு கேட்டுவிடுகிறேன். எதிர்வீட்டுத் தம்பியின் நண்பன் சேர விரும்புகிறான். ஆரகோக்ரா வேண்டும் என்கிறான், அந்தப் பறவை இனம். முதல் நிலையிலேயே 50 அடி பறக்குமே, விடலாமா?

இருபது முகம், லாஸ்பேட்டை

விடலாம். ஆனால் ஐந்தாம் நிலை வரை, ஒவ்வொரு முறை பறந்த பிறகும் அந்தச் சுற்று முடியும்போது கால் ஊன்றியாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மதிலையும் பள்ளத்தையும் தாண்டுவான், வானத்தில் நின்றுகொண்டு அம்பு மட்டும் விட்டுக்கொண்டிருக்க மாட்டான். ஐந்தாம் நிலையில் விசார்ட்டுக்கே பறக்கும் மந்திரம் கிடைத்துவிடும், பிறகு தடை தேவையில்லை. அவன் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள், சேர்ந்த பிறகு வேண்டாம்.

கெடிலக்கரை, கடலூர்

இரண்டு ஞாயிறு கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

சனிக்கிழமை மாலை அவளை வெள்ளிக் கடற்கரைக்கு அழைத்துப்போனேன். பானை ஓட்டைப் பற்றி நானே பேச்செடுத்தேன், தவறு என்னுடையது என்றேன். சிறிது நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு அந்த எழுத்து உண்மையிலேயே தெரியும் சித்தப்பா" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் எல்லோரிடமும் இரண்டு மாற்றத்தைச் சொன்னேன். பாலடின் சார்தான் முதலில் சம்மதித்தார். எல்லாவற்றையும் தானே செய்வது அவருக்கும் அலுத்துப்போயிருந்ததாம். ஆறு வரிசைகளையும் தாளில் எழுதி நடுவில் வைத்தேன். அவள் 18 உள்ள வரிசையை எடுப்பாள் என்று நினைத்தேன். புத்தகத்தின் வரிசையை எடுத்தாள். அதிலும் 8-ஐ அடித்துவிட்டு, வலிமை பழைய 7-ஆகவே இருக்கட்டும் என்றாள். முதல் வாரத்திலிருந்து அவளுடைய ஏட்டுக்கட்டைப் பாலடின்தான் சுமக்கிறார், அது அப்படியே தொடர வேண்டுமாம். கோட்டை மதில் ஐயா, இதை உங்களுக்காகக் குறிப்பிடுகிறேன்.

நேற்று கிடங்கில் ஒரு சாடியின் கழுத்தில் எழுத்து இருந்தது. யாரும் பகடையைத் தொடவில்லை. பாலடின் சார், "நான் விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கிறேன், கீறல் நிழலில் தெரியும்" என்றார். அவள் இரண்டு முறை உருட்டினாள்: 4, 12. அறிவுத்திறன் இப்போது 16, அதனால் கூடுதல் +5, மொத்தம் 17. சாடிக்கு உரியவன் பெயரை நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் தடுத்து, நோட்டைத் திறந்து, அந்தப் பெயரைத் தமிழியில் எழுதி எல்லோருக்கும் சுற்றுக்கு விட்டாள். கல்லூரித் தம்பிகள் இருவரும் தங்கள் பெயரையும் எழுதித் தரச் சொல்லி நச்சரித்ததில் ஆட்டம் அரை மணி நேரம் நின்றது.

ஆரகோக்ரா பையனும் வந்துவிட்டான். கால் ஊன்றும் விதிக்குச் சரி என்றிருக்கிறான்.