தெப்பக்குளத்துத் தண்ணீருக்கு என்ன நிறம்?

சந்தோஷம் தந்த ஒன்றைக் கலர் பென்சிலில் வரைந்து போடுங்கள் என்று குழுவில் சொன்னதற்கு எல்லோரும் பேத்தி, நாய்க்குட்டி, புது வண்டி என்று வரைந்து போட்டிருக்கிறீர்கள், நான் ஒரு குளத்தோடு வருகிறேன். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். குளத்தில் அப்படி என்ன சந்தோஷம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் வீடு அனுப்பானடிப் பக்கம், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய அந்தக் குளம் எங்களுக்குக் கிரிக்கெட் மைதானம், அவ்வளவுதான். ஒரு மூலையில் அண்ணனும் அவன் கூட்டாளிகளும், மற்ற மூலைகளில் வேறு டீம்கள், நடுவில் மைய மண்டபம் அது பாட்டுக்கு நிற்கும். பொம்பளைப் பிள்ளைக்கு பேட் கிடையாது, படியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுது என்பார்கள். தண்ணீர் இல்லாத வருஷங்களில் தைப்பூசத்துக்கு நிலைத்தெப்பம்தான், தெப்பம் நகராது, சாமி வந்து இருந்துவிட்டுப் போகும்.

அப்புறம் பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். குளம் நிறைந்து, மீனாட்சியும் சுந்தரேசுவரரும் ஏறிய தெப்பத்தைக் கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்க, அது லேசாக ஆடிக்கொண்டே நகர்ந்ததைப் பார்த்ததும் நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். "என்னடி, சின்னப் புள்ள மாதிரி" என்று அம்மா கையைக் கிள்ளினாள். அந்தக் காலைதான் என் படம்.

செல்போனில் எடுத்த போட்டோக்கள் உதவவில்லை, எல்லாவற்றிலும் முன்னால் யாராவது ஒருத்தர் கையும் இன்னொரு செல்போனும். அதனால் தெப்பத்தை நினைவிலிருந்து போட்டேன், தண்ணீரை மட்டும் காலையில் நடக்கப் போகும்போது கரையில் நின்று பார்த்துப் பார்த்து வரைந்தேன். பையனுடைய பென்சில் பெட்டியில் முதலில் கைக்கு வருவது நீலம். ஆனால் குளத்தில் நீலம் எங்கே இருக்கிறது? படிக்கட்டு ஓரம் பழுப்பு, மண்டபத்தின் நிழல் விழும் இடம் கரும்பச்சை, வானம் தெளிவாக இருந்தால் நடுவில் ஒரு பட்டை மட்டும் வெளிர்நீலம், அதுவும் வெயில் ஏற ஏறக் காணாமல் போகும். அதனால் அடியில் வெளிர்மஞ்சளும் பச்சையும், மேலே ஆலிவ் பச்சை, அதன்மேல் பழுப்பு, நீலம் கடைசியில் பட்டும் படாமலும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், செத்துப்போன மாதிரி இருக்கும். கருநீலத்தின்மேல் அடர்பழுப்பைத் தேய்த்தால் ஆழம் தானாக வருகிறது.

சந்தோஷமான விஷயத்தை வரையும்போது கை தன்னால் அழுத்துகிறது, கவனித்திருக்கிறீர்களா? கலர் பென்சிலுக்கு அது ஆகாது. தாளில் இருக்கும் சொரசொரப்பு பென்சிலில் உள்ள மெழுகால் அடைபட்டுவிட்டால் அடுத்த நிறம் வழுக்கிக்கொண்டு போகும், ஏறாது. பென்சிலைப் பின்பக்கம் தள்ளிப் பிடித்தால் அழுத்தம் குறையும். வேகமும் குறையும், ஆனால் அந்த ஒரு காலையிலேயே நாள்கணக்கில் உட்கார்ந்திருக்க எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

வடத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் முதலிலேயே தாளில் அழுத்திக் கோடு இழுத்துவிட்டேன். பிறகு மேலே தண்ணீர் நிறத்தைத் தீட்டும்போது பென்சில் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது, கயிறு வெள்ளையாக அப்படியே நிற்கும். தாள் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும், 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும். வெயில் பட்டு மின்னும் இடங்களைத் தொடவே இல்லை, தாளின் வெள்ளைதான்.

மெழுகு கலந்த கலர் பென்சிலை அடர்த்தியாகத் தீட்டிய இடங்களில் சில நாள் கழித்து வெள்ளையாகப் பூத்த மாதிரி ஒரு படலம் வந்தது. பயப்பட வேண்டாம், மெழுகு மேலே வருவதுதான், மெல்லிய துணியால் லேசாக ஒற்றினால் போய்விடும். பாலிக்ரோமோஸ் மாதிரி எண்ணெய் வகைப் பென்சிலில் இந்தத் தொல்லை இல்லை, விலைதான் கண்ணைக் கட்டும். முழுப் பெட்டி 120 நிறம், நமக்கு எதற்கு? ஆலிவ் பச்சை, கருநீலம் என்று தேவையானதைச் சில்லறையாக வாங்கிக்கொண்டேன்.

அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தெப்பம் நன்றாக இருக்கிறதா, தண்ணீர் எப்படி, ஒரு வார்த்தை கிடையாது. "எங்க பிட்ச் எங்கடி?" என்கிறான்.

அடுத்து ராத்திரித் தெப்பத்தை விளக்கு வெளிச்சத்தோடு கறுப்புத் தாளில் போட ஆசை. அதில் வெள்ளையும் மஞ்சளும் எடுப்பாகத் தெரிய எந்தப் பென்சில் நல்லது, யாராவது போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.