நடை ஆப்: மூன்றாவது வாரத்தில் எல்லாரும் காணாமல் போகிறார்கள்

நடக்கத் தூண்டும் ஆண்ட்ராய்டு ஆப் ஒன்று செய்திருக்கிறேன். தெரிந்தவர்கள் 24 பேரிடம் கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் ஒரே உற்சாகம். மூன்றாவது வாரத்திலிருந்து திறந்துகூடப் பார்ப்பதில்லை. இப்போது மிச்சம் 5 பேர்.

கோளாறு காலடிகளை எண்ணுவதில் இல்லை. போனின் ஸ்டெப் கவுன்டர் சென்சாரிலிருந்துதான் எடுக்கிறேன். ரீஸ்டார்ட் செய்தால் அது பூஜ்யத்துக்குப் போவதையும், ஆண்ட்ராய்டு 10 முதல் கேட்க வேண்டிய அனுமதியையும் சரிசெய்தாயிற்று.

முதலில் எல்லாருக்கும் 10,000 அடி இலக்கு வைத்தேன். அது 1960-களில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவிய எண் என்று பிறகுதான் தெரிந்தது! எடுத்துவிட்டு, அவரவர் போன வாரச் சராசரியோடு 500 அடி கூட்டினேன். கொஞ்சம் பரவாயில்லை. தரவரிசைப் பட்டியல் படுதோல்வி: மேலே எப்போதும் அதே இரண்டு பேர், மற்றவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கினார்கள். நோட்டிஃபிகேஷனை நாளுக்கு மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்தும் அணைத்துவிட்டார்கள்.

அதிகம் சேதம் செய்தது, விடாமல் நடந்த நாட்களை எண்ணிக் காட்டும் தொடர் நாள் கணக்குதான் என்று நினைக்கிறேன். ஒருவருக்குக் காய்ச்சல், 17 நாள் தொடர் அறுந்தது. "இனி எதுக்கு?" என்று விட்டவர் திரும்பவே இல்லை. நடந்தால் பூக்கும் செடி ஒன்றை முகப்புத் திரையில் விட்ஜெட்டாகவும் கொடுத்தேன். மிஞ்சிய 5 பேரில் 4 பேர் அதை வைத்திருப்பவர்கள்.

சில நாள் விட்டுப்போனவரைக் குற்ற உணர்வு இல்லாமல் மறுபடி நடக்க வைக்க, நீங்கள் செய்து பார்த்ததில் எந்த வடிவமைப்பு பலித்தது?