பொருள்: யுவியைட்டிஸ் – தமிழ்ச் சொல் வேண்டும், அவசரம்

வணக்கம். வில்சன் நோய் பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஈரல் செம்பை வெளியேற்ற முடியாமல் உடலில் தங்கவிடும் பரம்பரை நோய். கருவிழி ஓரத்துப் பழுப்பு வளையம் வரை வந்துவிட்டேன். அடுத்த பத்தியில் அதே நோயாளிக்கு யுவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் வரும் அழற்சி. ‘செப்பழற்சி’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?
– மீ.

புணர்ச்சியில் குறையில்லை அம்மா. செம்பு + ஏடு செப்பேடு, இரும்பு இருப்புப்பாதை. நன்னூல் படித்தவர் எவரும் மறுக்கமாட்டார்.
– தி.

இலக்கணம் சரி, மருத்துவம் தப்பு. அந்த வளையம் அழற்சியே இல்லை. கருவிழியின் உள்பக்கத்து டெசிமெட் படலத்தில் படிந்த செம்பு. பார்வையைக் கெடுக்காது, மருந்து கொடுத்தால் மங்கவும் செய்யும். கண் மருத்துவர்கள் கைசர் 1902இலும் ஃபிளைஷர் 1903இலும் எழுதியது அதைத்தான். யுவியைட்டிஸ் வேறு சங்கதி. செம்பால் வந்தது என்று பெயரிலேயே தீர்ப்பெழுதாதீர்கள். செப்புக்கம்பித் துண்டு கண்ணுக்குள் பாய்ந்து வரும் அழற்சிக்கு வேண்டுமானால் உங்கள் சொல்லை வைத்துக்கொள்ளலாம்.
– மரு. க.

‘கண் சிவப்பு’ என்றால் போதாதா? ஊரில் எல்லாருக்கும் புரியும்.
– இரா.

புரியும், மெட்ராஸ் ஐ என்று! கடையில் சொட்டுமருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் கழித்து வருவார்கள். அதற்குள் பார்வை போகலாம்.
– மரு. க.

யுவா என்றால் லத்தீனில் திராட்சை. விழியின் வெளித்தோலை உரித்தால் உள்ளே கருந்திராட்சைபோல் இருக்குமாம். ஆனால் திராட்சை வடசொல். ஆகவே அதன் தமிழ்ப்பெயரால் ‘கொடிமுந்திரிப்படல அழற்சி’.
– தி.

ஐயா, முந்திரிக்கொட்டை சாப்பிட்டு வந்த ஒவ்வாமை என்றல்லவா படிப்பார்கள்!
– இரா.

முந்திரிக்கு 1/320 என்ற பொருளும் உண்டு, தம்பி. கீழ்வாய்க்கணக்கு என்ற பின்னக் கணக்கை அறியாத தலைமுறையிடம் என்ன பேசுவது. அழற்சியும் அழலிலிருந்து வந்ததுதான். சிலம்பின் அழற்படுகாதையை எடுத்துப் பார்க்கவும்.
– தி.

மதுரை எரிந்தது போதும் ஐயா, வெள்ளிக்கிழமை வருகிறது. வெளிப்படலத்துக்கும் விழித்திரைக்கும் இடையில் இருப்பதால் ‘விழி நடுப்படல அழற்சி’ என்று போட்டுவிடட்டுமா? முதல் இடத்தில் பக்கத்திலேயே யுவியைட்டிஸ் என்றும் தருகிறேன்.
– மீ.

போடுங்கள்.
– மரு. க.

சரி. நோயாளி தன் மருந்துச் சீட்டில் பார்த்துக்கொள்ள அந்த யுவியைட்டிஸாவது உதவும்.
– இரா.

என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். அப்புறம் ஒன்று: கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் படலத்துக்குக் ‘கருவிழி’ என்று பெயர் வைத்தது யார்? வளையத்தை அங்கேதானே காட்டுகிறீர்கள்?
– தி.