பாக்டீரியா செல்லுலோஸ் மருந்து சுமக்க வேதிமாற்றம் கட்டாயமா?

இழைமணி (இழையைத் தொடங்கியவர்)

கொமகட்டைபாக்டர் சைலினஸ் பாக்டீரியா, சர்க்கரை கலந்த ஊடகத்தின் மேற்பரப்பில் உருவாக்கும் செல்லுலோஸ் ஏட்டை அட்ரியன் பிரவுன் 1886இலேயே விவரித்துவிட்டார். தாவரச் செல்லுலோஸோடு சேர்ந்தே இருக்கும் லிக்னினோ ஹெமிசெல்லுலோஸோ கலவாத இந்த ஏட்டை மருந்துக் கடத்தியாக்கும் ஆய்வுகள் ஏராளமாக வருகின்றன. ஆனால் அதை உள்ளபடியே பயன்படுத்தினால் மருந்தை அது பிடித்து வைக்காது என்பதே என் வாதம்.

காரணம் எளிது. உலர்த்தப்படாத ஏட்டின் எடையில் ஏறத்தாழ 99 விழுக்காடு நீர்தான். எனவே சிறிய மருந்து மூலக்கூறு அதற்குள் கிட்டத்தட்டத் தண்ணீரில் பரவும் வேகத்திலேயே பரவும். விரவல் கெழுவை (மூலக்கூறு பரவும் வேகத்தைக் குறிக்கும் எண்ணை) நொடிக்கு 5×10⁻¹⁰ சதுர மீட்டர் என்று கொண்டால், இரு பக்கமும் திறந்திருக்கும் 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஏட்டிலிருந்து மருந்து வெளியேறுவதற்கான கால அளவு, பாதித் தடிமனின் வர்க்கத்தை அந்தக் கெழுவால் வகுத்தால் கிடைக்கும் 2000 நொடி, அதாவது அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். இதைக் கட்டுப்பாடான விடுவிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கார்பாக்சில், ஆல்டிஹைடு, அமீன் போன்ற தொகுதிகளை இழையின் மேற்பரப்பில் பதித்து, மருந்துக்கு ஒரு பிடிமானம் ஏற்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

கரைதிறன்

நண்பரே, கணக்கில் குறையில்லை. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. புண்ணின் மேல் வைக்கப்படும் ஏட்டிலிருந்து வலிநீக்கி ஒன்று அரை மணி நேரத்தில் வெளியேறுவது பல வேளைகளில் நமக்கு வேண்டிய பண்பே. நாள்கணக்கில் மருந்து கசிய வேண்டும் என்பது எல்லா நோய்க்கும் பொருந்தும் விதி அன்று.

வேதிமாற்றத்துக்கு நாம் கொடுக்கும் விலையையும் பாருங்கள். கார்பாக்சிலைப் பதிக்க, டெம்போ என்னும் வினையூக்கியைக் கொண்டு செய்யும் வழக்கமான ஆக்ஸிஜனேற்றம் பிஎச் 10 அளவிலான காரச் சூழலில் நடக்கிறது. ஆறாம் கார்பனில் இடைநிலையாகத் தோன்றும் ஆல்டிஹைடுகளால் செல்லுலோஸ் சங்கிலி அந்தச் சூழலில் அறுபடுகிறது. கார்பாக்சில் அளவு ஏற ஏற இழைகள் ஒன்றையொன்று விலக்கி, ஏடு குழைந்து கூழாகிவிடுகிறது. ஆல்டிஹைடைப் பதிக்கப் பெர்அயோடேட் என்னும் ஆக்ஸிஜனேற்றியைப் பயன்படுத்தினாலோ இரண்டாம், மூன்றாம் கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பு முறிந்து குளுக்கோஸ் வளையமே திறக்கிறது. படிகத்தன்மை குறைகிறது, வலிமையும் போகிறது. எந்தப் பண்புகளுக்காக இந்தப் பொருளைத் தேடிப்போனோமோ அவற்றை அழித்தபின் கையில் மிஞ்சுவது மரக்கூழிலிருந்து இதைவிட மலிவாகக் கிடைக்கும் நானோ இழை. அதற்குப் பாக்டீரியாவை ஏன் வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும்?

இழைமணி

வினை கடுமையாக நடந்தால் மட்டுமே நீங்கள் சொல்லும் சேதம் முழுமையாக நிகழும். சோடியம் குளோரைட்டைச் சேர்த்து நடுநிலைக்கு அருகில், அல்லது மெல்லிய அமிலச் சூழலில், டெம்போ வினையை நடத்தினால் ஆல்டிஹைடுகள் உடனுக்குடன் கார்பாக்சிலாக மாறிவிடுவதால் சங்கிலி அறுபடுவது பெரிதும் குறைகிறது. இழையின் உட்பகுதிப் படிகத்தைத் தொடாமல் மேற்பரப்பில் மட்டும் நிறுத்திக்கொள்வதும் இயலும்.

இதனால் என்ன ஆதாயம் என்று கேட்கலாம். ஒரு கிராம் உலர் செல்லுலோஸில் ஒரு மில்லிமோல் கார்பாக்சில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் ஈர ஏட்டில் செல்லுலோஸ் 10 மில்லிகிராம்தான் இருக்கும் என்பதால் கார்பாக்சிலின் அளவு 0.01 மில்லிமோல். மூலக்கூறு எடை 543.5 உள்ள டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்தைப் போன்ற நேரேற்ற மருந்து ஒன்றுக்கு ஒன்றாகப் பிணைந்தால் ஏறத்தாழ 5.4 மில்லிகிராம் ஏறும். கழுவினாலே போய்விடும் மருந்துக்கும் இழையோடு பிணைந்து நிற்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு சாதாரணமானதன்று.

ஆய்வகப்புறா

இருவருக்கும் ஒரு கேள்வி: அந்த மருந்து எந்தக் கரைசலில் நிற்கிறது? ஏற்றங்களின் ஈர்ப்பை மட்டும் நம்பிப் பிணைத்த மருந்து, வடிநீரில் வைத்திருக்கும்வரை அழகாக நிற்கும். லிட்டருக்கு 150 மில்லிமோல் அளவில் உப்புள்ள உடல் திரவத்தைப் போன்ற கரைசலுக்கு மாற்றியதும் சோடியம் அயனிகள் கார்பாக்சிலின் இடத்துக்குப் போட்டியிட, மருந்து விடுபடத் தொடங்கிவிடும். விடுவிப்பு வளைவைப் பார்க்கும் முன் ஊடகம் எது என்ற வரியைத் தேடிப் படிப்பது என் வழக்கம். மேற்படி 5.4 மில்லிகிராம் ஏறும் அளவு. நிற்கும் அளவு அன்று.

இழைமணி

அதனால்தான் ஏற்ற ஈர்ப்பைவிட வலுவான, எலக்ட்ரான்களைப் பகிரும் சகப்பிணைப்பை நாட வேண்டியிருக்கிறது. பெர்அயோடேட் தரும் இரட்டை ஆல்டிஹைடு, மருந்தின் அமீன் தொகுதியோடு இமின் என்னும் கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும். உப்பு அதை அசைக்காது. பிஎச் 5 அளவிலான அமிலச் சூழலில் நீராற்பகுத்து மருந்தை விடும், இரத்தத்தின் பிஎச் 7.4இல் பெரும்பாலும் நிலைத்திருக்கும். தன் இடம் அறிந்து மருந்தை விடும் கடத்தி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

கரைதிறன்

அந்த அமிலம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பிஎச் 5 என்பது செல்லுக்குள், விழுங்கியவற்றைச் செரிக்கும் லைசோசோம் பகுதியில் உள்ள நிலை. புற்றுநோய்க் கட்டியில் செல்களுக்கு வெளியே உள்ள திரவம் ஏறத்தாழ 6.5 முதல் 7 வரையில்தான் இருக்கும். நானோ துகள் செல்லுக்குள் விழுங்கப்படலாம். அறுவைக் குழியில் விரித்து வைத்த ஏடு எந்தச் செல்லுக்குள்ளும் போகாது. ஆறாத நாட்பட்ட புண்களின் நிலையோ இன்னும் நேர்மாறு: அவற்றின் மேற்பரப்பு பெரும்பாலும் 7க்கு மேலே, காரப் பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே அமிலத்தில் திறக்கும் பூட்டு திறக்கவே திறக்காது. ஆய்வகக் குடுவையில் பிஎச் 5 கரைசலை ஊற்றுவது சுலபம், உடலில் அந்த இடத்தைக் காட்டுவதுதான் கடினம்.

குடல்வழி மருந்தில் மட்டும் நான் இறங்கிவரத் தயார். கார்பாக்சில் தொகுதிகள் இரைப்பையின் பிஎச் 1.2இல் ஏற்றமின்றி அடங்கியிருந்து, குடலின் 6.8இல் எதிரேற்றம் பெற்று வலையை வீங்கச் செய்கின்றன. அக்ரிலிக் அமிலத்தை ஒட்டிய செல்லுலோஸ் களிமங்கள் (ஜெல்கள்) இதை நன்றாகவே செய்கின்றன. ஆனால் வாய்வழி விழுங்கும் துகளுக்கு ஏட்டின் வலிமையே தேவையில்லை என்பதால் என் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது: ஏன் பாக்டீரியா?

நீள்சங்கிலி

உடலுக்குள் வைப்பதைப் பற்றிப் பேசுவதால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். முதலாவது சிதைவு. நம் திசுக்களில் செல்லுலோஸைச் சிதைக்கும் செல்லுலேஸ் நொதி இல்லை. உள்ளே வைத்த ஏடு அப்படியே கிடக்கும். ஆக்ஸிஜனேற்றினால் கரைந்துவிடும் என்று வாதிடுவோர், அறுவை மருத்துவத்தில் குருதியை நிறுத்தப் பயன்படும் ஆக்ஸிஜனேற்றிய செல்லுலோஸைச் சான்றாகக் காட்டுவார்கள். அதில் கார்பாக்சில் அளவு எடையில் 16 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு கிராமுக்கு மூன்றரை மில்லிமோலுக்கு மேல். இழைமணி கணக்கில் எடுத்துக்கொண்ட மேற்பரப்பு மாற்றமோ ஒரு மில்லிமோல். இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் மட்டும் இரண்டும் ஒன்றுபோல் கரைந்துவிடாது.

இரண்டாவது எண்டோடாக்சின், அதாவது கிராம்-எதிர் வகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் இருந்து காய்ச்சலைத் தூண்டும் நச்சு. ஏட்டை உருவாக்குவதும் அவ்வகைப் பாக்டீரியாதான். சூடான சோடியம் ஹைட்ராக்சைடில் கழுவியபின்பும் எச்சத்தை அளந்தே தீர வேண்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருத்துவக் கருவி ஒன்றுக்கு 20 எண்டோடாக்சின் அலகு என்று வரம்பு வைத்திருக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லிப் பண்பு வேண்டி அமீன் தொகுதிகளைப் பதிக்கும்போது மேற்பரப்பு நேரேற்றம் பெறுகிறது; எதிரேற்றமுள்ள எண்டோடாக்சினை அது பற்றிக்கொள்ளும் என்பதைப் பெரும்பாலான முன்மொழிவுகள் பேசுவதே இல்லை.

இழைமணி

எண்டோடாக்சின் குறித்து மறுப்பில்லை; வேதிமாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளப்பதே முறை. கரைதிறனின் கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிடுகிறேன். ஏட்டின் பின்னல் மரக்கூழில் கிடையாது. மரக்கூழ் இழையைத் தாளாக்க முதலில் நீரில் பிரித்து, பிறகு உலர்த்திச் சேர்க்க வேண்டும். பாக்டீரியாவோ சில பத்து நானோமீட்டர் அகல இழைகளை வளரும்போதே முப்பரிமாண வலையாகப் பின்னித் தருகிறது. அந்த வலை உலரும்போது இழைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டு, மீண்டும் நீரில் இட்டாலும் பழைய அளவுக்கு வீங்காமல் போகிறது. ஹைட்ராக்சில் தொகுதிகள் சிலவற்றில் அசிட்டைல் தொகுதியைப் பதிக்கும் மிதமான அசிட்டைலேற்றம் அந்த ஒட்டுதலைத் தடுக்கும். உலர்ந்த நிலையில் சேமித்து, பயன்படுத்தும் வேளையில் நனைக்கக்கூடிய ஏடு வேண்டுமென்றால், மருந்தைப் பிடிப்பது ஒருபுறம் இருக்க, வேதிமாற்றத்துக்கு இதுவே போதிய காரணம்.

கரைதிறன்

அப்படியானால் ஒப்பீட்டை நேர்மையாக வையுங்கள். மாற்றாத ஏடு, அசிட்டைலேற்றிய ஏடு, அதே அளவு அசிட்டைலேற்றிய மரக்கூழ்ப் படலம் ஆகிய மூன்றையும் உலர்த்தி நனைத்து, ஒரே மருந்தை ஏற்றி, ஆய்வகப்புறா சொன்ன உப்புக் கரைசலில் விடுவிப்பை அளக்க வேண்டும். மூன்றாவது மாதிரி இல்லாத எந்த வளைவும் உங்கள் பின்னல் வாதத்தை நிறுவாது.