மாஸ்டடான்: நண்பன் கணக்கு காலியாகத் தெரிகிறது, பாஸ்வேர்டும் தப்பு என்கிறது

குளச்சல்காரன்:
அவசரம். ட்விட்டர் மாதிரி இருக்கிற மாஸ்டடானில் புதிதாகக் கணக்குத் தொடங்கினேன். நண்பன் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் இருந்து காற்று எப்படி, என்ன மீன் பட்டது என்று தினமும் படத்தோடு போடுகிறான். என் ஆப்பில் அவன் பெயர் வருகிறது, உள்ளே போனால் ஒன்றுமே இல்லை. அவன் அனுப்பிய லிங்கை கிரோமில் திறந்தால் எல்லாம் இருக்கிறது! அங்கேயே லாகின் பண்ணினால் பாஸ்வேர்டு தப்பாம். சீக்கிரம் சொல்லுங்கள்.

மட்டிப்பழம்:
நீங்கள் எந்த சர்வர், அவர் எந்த சர்வர்?

ரப்பர்பால்:
நெட் பிரச்சினைதான். குலசேகரத்தில் மழை பெய்தால் எனக்கும் படம் வராது. ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

மட்டிப்பழம்:
அண்ணே, கிரோமில் தெரிகிறது என்கிறாரே.

குளச்சல்காரன்:
சர்வரா? இரண்டு பேரும் மாஸ்டடான்தான்.

பழைய அட்மின்:
வாரத்துக்கு ஒருவர் இதையே கேட்கிறார், தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. தம்பி, மாஸ்டடான் என்பது ஒரே கம்பெனியின் ஒரே இடம் இல்லை. அது ஒரு மென்பொருள், யாரும் எடுத்துத் தன் சர்வரில் ஓட்டலாம். உன் முழு ஐடியில் இரண்டாவது அட் குறிக்குப் பின்னால் இருப்பதுதான் உன் சர்வர். களியக்காவிளையில் இரண்டு மாநில பஸ்ஸும் ஒரே ரோட்டில்தான் ஓடுகின்றன, அதற்காக நம்மூர் பாஸைக் கேரளா பஸ்ஸில் நீட்டினால் கண்டக்டர் ஒத்துக்கொள்வாரா? லாகின் உன் சர்வரில் மட்டும்தான்.

ஆரல்காற்று:
என் சந்தேகம் வேறு. உங்கள் சர்வரை நடத்தும் அட்மின் நண்பரின் சர்வரையே பிளாக் பண்ணியிருப்பார். இதற்குத்தான் மாஸ்டடான்.சோசியல் மாதிரி பெரிய சர்வரில் சேரவேண்டும் என்பது.

பழைய அட்மின்:
எல்லாரும் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தால் பல சர்வர்களாகப் பரவலாக்கியது எதற்கு, பேசாமல் பேஸ்புக்கிலேயே இருக்கலாமே.

ஆரல்காற்று:
நான் இருந்த சின்ன சர்வரை ஒருநாள் மூடிவிட்டார்கள், போட்டதெல்லாம் போச்சு. நீங்களா திருப்பித் தருவீர்கள்?

பழைய அட்மின்:
மூடுவதற்கு முன்பே கணக்கை வேறு சர்வருக்கு மாற்றியிருந்தால் ஃபாலோயர்கள் கூடவே வந்திருப்பார்கள்.

ஆரல்காற்று:
போஸ்ட் வராதே! அதைப் பற்றித்தானே பேசுகிறேன்.

மட்டிப்பழம்:
சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். குளச்சல்காரரே, பிளாக் என்றால் அந்தப் பெயரே உங்களுக்கு வந்திருக்காது. உங்கள் சர்வரில் அவரை இதுவரை யாரும் ஃபாலோ பண்ணவில்லை, அதனால்தான் காலி. ஃபாலோ ஆன பிறகு போடுவது மட்டுமே வந்து சேரும், பழசு தானாக வராது. ஏதாவது ஒரு பழைய போஸ்ட் வேண்டுமென்றால் அதன் லிங்கை எடுத்து உங்கள் ஆப்பின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள், அது ஒன்று மட்டும் வரும். ஃபாலோ பட்டனில் இப்போது என்ன எழுதியிருக்கிறது?

குளச்சல்காரன்:
ஃபாலோ எப்போதோ கொடுத்தாச்சு. கோரிக்கையை ரத்து செய் என்று காட்டுகிறது.

மட்டிப்பழம்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அவர் கணக்கைப் பூட்டி வைத்திருக்கிறார். அவர் ஏற்றுக்கொண்டால்தான் உங்கள் டைம்லைனுக்கு வரும்.

குளச்சல்காரன்:
வள்ளத்தில் போயிருக்கிறான், வந்ததும் சொல்கிறேன்.

ரப்பர்பால்:
எதற்கும் ஆப்பை ஒருமுறை அப்டேட் பண்ணிவிடுங்கள்.

குளச்சல்காரன்:
ஏற்றுவிட்டான். அதற்குப் பிறகு காலையில் போட்ட சாளை மீன் படம் வந்தது. நன்றி.

பழைய அட்மின்:
தலைப்பில் தீர்ந்தது என்று போடு தம்பி.