எம்பி என்ற ஒரே சொல் இரண்டு அளவுக்குப் போதாது

வணக்கம்.

இணைய இணைப்பின் 'டேட்டா ரேட்'டுக்குத் தமிழில் 'தரவு வேகம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் போன வாரம் எங்கள் லயத்தில் நடந்தது.

உயர்தரம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை 200 எம்பி வீடியோப் பாடம் ஒன்றைத் தரவிறக்கினாள். அவளுடைய இணையப் பெக்கேஜில் '40 எம்பி வேகம்' என்று இருக்கிறது. 5 செக்கனில் முடியும் என்று பார்த்திருந்தாள். 40 செக்கன் ஓடியது. "அண்ணே, ஏமாத்துறாங்க" என்றாள். யாரும் ஏமாற்றவில்லை. பெக்கேஜில் உள்ளது மெகாபிட், பாடத்தில் உள்ளது மெகாபைட். பிட் என்பது தரவின் மிகச் சிறிய அலகு, 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 40ஐ 8ஆல் வகுத்தால் செக்கனுக்கு 5 மெகாபைட். கணக்கு சரி, பெயர்தான் பிழை.

ஆங்கிலத்தில் Mb, MB எனச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்று பிரித்துக் காட்டிவிடுகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, இரண்டும் எம்பிதான். 1956இல் ஐபிஎம் நிறுவனத்தின் வேர்னர் புக்ஹோல்ஸ் பைட் என்ற சொல்லை ஆக்கியபோதே, பிட்டோடு குழம்பக்கூடாதென்று அதன் எழுத்தை மாற்றி வைத்தார்.

தேயிலைத் தோட்டத்தில் பச்சைக் கொழுந்தும் கிலோ, தூளும் கிலோ. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். ஆனாலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒருவரும் குழம்புவதில்லை. 'கொழுந்து எத்தனை கிலோ' என்று பெயரைச் சொல்லித்தானே கேட்கிறோம்?

ஆகவே பிட்டுக்குத் துளி, பைட்டுக்குக் கொத்து என்று வைக்கலாம். வேகத்துக்குப் பதில் வீதம். எந்தப் பெக்கேஜ் எடுத்தாலும் கண்ணாடி இழையில் தரவைச் சுமக்கும் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகிறது. காசு கூடக் கொடுத்தால் கூடுவது, ஒரு செக்கனில் வந்து சேரும் துளிகளின் தொகை. வட்டி வீதம் தெரிந்தவருக்குத் துளிவீதம் புரியாமல் போகாது.

அட்டனிலிருந்து

*

அட்டன் நண்பரே, துளிவீதம் நல்ல சொல், எடுத்துக்கொள்வோம். கொத்துதான் இடிக்கிறது. எட்டு என்பது சொல்லுக்குள் தெரியவில்லை. கொத்து என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு ரொட்டிதான் முதலில் வரும். எண்கோணம் போல எண்துளி என்று யோசித்தேன். அதை இலக்கத் துளி என்று வாசித்துவிடுவார்கள். பேசாமல் எட்டுத்துளி என்றே வைத்தால் என்ன? '40 மெகாதுளி வீதம், 5 மெகா எட்டுத்துளி வீதம்.' நாளை வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன், வாயில் நுழைகிறதா என்று எழுதுகிறேன்.

பண்டாரவளையிலிருந்து